சாரலும் தரும், விளக்கும் ஏற்றும்!

ஆனி மாதம் பிறந்துவிட்டால் தென்காசி மக்களின் கண் மேற்கே திரும்பிவிடும்.

மலை உச்சியில் மேகம் கவிந்ததா? காற்று எழும்பியதா? சாரல் விழுந்ததா?

சாரல் விழுந்தால் குற்றாலம் களைகட்டும். வெளியூர் மக்கள் பஸ்சிலும் ரெயிலிலும் வந்து குவிவார்கள். விடுதிக்காரர் முதல் பழக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் பிழைப்பு நடக்கும்.

சாரலைக் கொண்டுவரும் அதே காற்று, இன்னொரு வேலையும் செய்கிறது. அது மின்சாரம் தருகிறது!

மதிலில் ஒரு வாசல்

மேற்குத் தொடர்ச்சி மலை, பெரிய மதில் போல நிற்கிறது. அரபிக் கடலில் இருந்து வரும் பருவக்காற்றை அது தடுக்கிறது.

ஆனால், மதிலில் சில வாசல்கள் உண்டு. பாலக்காட்டில் ஒன்று. ஆரல்வாய்மொழியில் ஒன்று. செங்கோட்டைக்கு மேற்கே ஒன்று.

செங்கோட்டை வாசலுக்கு ஆரியங்காவு கணவாய் என்று பெயர். 1904-ம் ஆண்டில் கொல்லத்துக்கு ரெயில் ஓடத் தொடங்கியது இந்த வழியாகத்தான். ரெயில் போகும் வழியில் காற்றும் வருகிறது.

வெட்டவெளியில் மெல்ல வீசும் காற்று, குறுகிய சந்தில் புகுந்தால் வேகமாகப் பாயும் அல்லவா? கணவாயிலும் அதுதான் நடக்கிறது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கு ஆனால், அதில் உள்ள சக்தி எத்தனை மடங்கு ஆகும்? இரண்டு அல்ல, எட்டு மடங்கு!

தென்காசி, சுரண்டை, கயத்தாறு பக்கங்களில் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணம் இதுதான். ஊர் மக்கள் அவற்றைக் "காத்தாடி" என்பார்கள்.

பழைய காத்தாடி

இந்தியாவில் காற்றாலைப் பண்ணைகள் முதலில் அமைந்தது 1986-ம் ஆண்டில். அவற்றுள் ஒன்று தூத்துக்குடியில் அமைந்தது. இன்று தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். பெருமைப்பட வேண்டிய செய்தி!

ஆனால், ஒரு குறை உண்டு. காற்று நன்றாக வீசும் இடங்களில் பழைய, சிறிய காற்றாலைகள் இன்னும் நிற்கின்றன. 1990-களில் நிறுவியவை பல 225, 250 கிலோவாட் திறன் கொண்டவை. இன்றைய காற்றாலை ஒன்றே 2,000 கிலோவாட்டும், அதற்கு மேலும் தரும்.

பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம். இதற்காக 2024-ம் ஆண்டில் தமிழக அரசு ஒரு கொள்கையும் வெளியிட்டது. அது ஏட்டோடு நின்றுவிடக் கூடாது. வேகமாக நடக்க வேண்டும். அதே நேரத்தில், பெரிய இறக்கைகளைக் கொண்டுவரப் பாதை போடும்போது ஏழை விவசாயியின் வரப்பும் வாய்க்காலும் அழிந்துவிடக் கூடாது.

காற்று ஓய்ந்தால்?

புரட்டாசிக்குப் பிறகு பருவக்காற்று தளர்ந்துவிடும். அப்போது நிலக்கரியின் தயவு அதிகம் தேவைப்படுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் நிலக்கரி எரிகிறது. அந்தப் புகை பூமியைச் சூடாக்குகிறது. பூமி சூடானால் மழையின் ஒழுங்கு கெடுகிறது. மழை ஒழுங்கு கெட்டால் சாரலை எங்கே தேடுவது?

காற்று ஓய்ந்தாலும் வெயில் இருக்கிறது. மாடியில் 1 கிலோவாட் சூரியத் தகடு வைத்தால், வெயில் நாளில் சுமார் 4 யூனிட் கிடைக்கும். வீட்டு மாடியில் தகடு வைக்க மத்திய அரசு 2024-ம் ஆண்டில் ஒரு திட்டம் தொடங்கியது. 3 கிலோவாட்டுக்கு 78 ஆயிரம் ரூபாய் மானியம் என்று அறிவித்தது.

வாடகை வீட்டில் இருப்பவர் என்ன செய்வது? அவருக்கும் வழி உண்டு. 60 வாட் குண்டு பல்பு தினமும் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட் ஆகும். அதே நேரம் 9 வாட் எல்.இ.டி. பல்பு எரிந்தால் ஒன்றரை யூனிட் கூட ஆகாது. மிச்சம் யாருக்கு? குடும்பத்துக்கு!

அருவிக்கு வருவோர் கவனத்துக்கு

குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு தேய்த்துக் குளிக்கத் தடை உண்டு. காரணம் இல்லாமல் இல்லை. அருவி நீர் சிற்றாறாக ஓடுகிறது. சிற்றாறு தாமிரபரணியில் கலக்கிறது. குளிப்பவர் கழுவிவிடும் அழுக்கு, கீழே இருக்கும் ஊர்களின் வயலுக்கும் குடத்துக்கும் போகிறது.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. குற்றாலம் புறப்படும்போது ஒரு மஞ்சள் பையை மடித்து எடுத்துக்கொள்வது பெரிய காரியமா?

காற்றும் அருவியும் யாரிடமும் கூலி கேட்பது இல்லை. கெடுக்காமல் இருந்தால் போதும். பேரப்பிள்ளைகளும் ஆனி மாதத்தில் மேற்கே பார்ப்பார்கள்.