செயின் பிடித்த சிந்தனையாளர்



தத்துவம் என்றாலே நம்ம ஆட்களுக்கு ஒரு கொட்டாவி வரும். அதெல்லாம் ஆர்ட்ஸ் காலேஜ்காரர்கள் சமாச்சாரம், நமக்கு ஒர்க்‌ஷாப்பும் டிராயிங் ஹாலும் போதும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம். வெளியே இருப்பவர்களும் நம்மைப் பற்றி அப்படித்தான் நினைக்கிறார்கள். "டிப்ளமோதானே?" என்று இழுப்பார்களே, அந்தத் 'தானே'வுக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். ஸ்பானர் பிடிக்கிற கைக்கும் சிந்திக்கிற மண்டைக்கும் சம்பந்தமே இல்லை என்று எங்கோ எழுதிவைத்துவிட்டார்கள் போலிருக்கிறது!

அது தப்பு என்பது என் கட்சி. சாட்சிக்கு ஒருவரைக் கூப்பிடுகிறேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு என்ற ஊரில் 1817-இல் பிறந்து, 1862-இல் காசநோயால் 44 வயதிலேயே போய்ச் சேர்ந்த ஹென்றி டேவிட் தோரோ.

காட்டுக்குள் தனியாகக் குடிசை போட்டு உட்கார்ந்த சாமியார் மாதிரிதான் இவரைப் பற்றிப் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அவர் பிழைப்புக்குச் செய்த வேலை என்ன தெரியுமா? ஒன்று, பென்சில் தயாரிப்பு. இன்னொன்று, நில சர்வே.

அப்பாவுக்குச் சின்ன பென்சில் தொழில். அந்தக் காலத்து அமெரிக்கப் பென்சில் பேப்பரைக் கிழிக்கும், திட்டுத் திட்டாக மை பூசும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1837-இல் படிப்பை முடித்த மகன் வந்து அதில் கை வைத்தார். கிராஃபைட்டை மாவு போல நைசாக அரைக்க அரவை இயந்திரத்தைத் திருத்தினார். அதோடு களிமண்ணைச் சேர்த்து, சேர்க்கும் அளவை மாற்றி மாற்றி, 1 முதல் 4 வரை நம்பர் போட்ட வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களைக் கொண்டுவந்தார். டிராயிங் ஹாலில் எச்.பி.யா 2எச்சா என்று தேடுகிறோமே, அதே விஷயம்தான். ஹார்வர்டு பட்டதாரி கிராஃபைட் தூசியில் நின்றாரே என்று ஊரார் முகம் சுளித்திருக்கலாம். அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இவருக்குக் குரு ஸ்தானத்தில் இருந்தவர் எமர்சன். பாஸ்டனில் பாதிரியாராக இருந்து 1832-இல் அந்த வேலையை உதறியவர். 1836-இல் 'நேச்சர்' என்ற சிறு நூலை வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்த சிந்தனைக்கு டிரான்சென்டென்டலிசம் என்று பெயர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கண்ணாலும் காதாலும் தெரிந்துகொள்வது மட்டுமே அறிவல்ல. உண்மையை உணரும் சக்தி ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் இருக்கிறது. இயற்கையோடு நேரே பழகினால் அது விழிக்கும். இடையில் சர்ச்சோ சர்க்காரோ தரகு வேலை பார்க்கத் தேவையில்லை. ஏறக்குறைய இவ்வளவுதான். தோரோ இரண்டு வருஷம் எமர்சன் வீட்டிலேயே தங்கித் தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்துகொடுத்தார். என்னைக் கேட்டால், தியரி பேப்பர் எமர்சனுடையது, பிராக்டிகல் தோரோவுடையது.

அந்தப் பிராக்டிகல்தான் வால்டன் குளக்கரை வீடு. இடம் எமர்சனுடையது. 1845 மார்ச்சில் கோடாலியை இரவல் வாங்கி மரம் வெட்டத் தொடங்கி, ஜூலை 4-ஆம் தேதி குடியேறினார். 10 அடிக்கு 15 அடி, ஒரே அறை. பலகைக்காக ரயில்பாதை வேலைக்கு வந்த ஓர் ஐரிஷ் தொழிலாளியின் கொட்டகையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கிப் பிரித்தார். வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்து ஆள் ஒருவர் நல்ல ஆணிகளாகப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டாராம். சைட்டில் இது எல்லா நாட்டிலும் உண்டு போல!

பிறகு 1854-இல் வந்த 'வால்டன்' புத்தகத்தில் முழு எஸ்டிமேட்டையும் அச்சிட்டார். பழைய செங்கல் ஆயிரம், 4 டாலர். கண்ணாடியோடு செகண்ட் ஹேண்ட் ஜன்னல் இரண்டு, 2 டாலர் 43 சென்ட். ஆணி, 3 டாலர் 90. மொத்தம் 28 டாலர் பன்னிரண்டரை சென்ட். ஹார்வர்டில் மாணவர் அறைக்கு ஒரு வருஷ வாடகையே 30 டாலர் என்று பக்கத்திலேயே எழுதினார். தத்துவப் புத்தகத்தில் அரை சென்ட்டைக்கூட விடாமல் கணக்குப் போட்டவர் வேறு யாராவது உண்டா என்று எனக்குத் தெரியாது. நம்ம எஸ்டிமேட்டிங் அண்ட் காஸ்டிங் வாத்தியார் பார்த்தால் முழு மார்க் போடுவார்.

கணக்கு அங்கே நிற்கவில்லை. முப்பது மைல் தள்ளியிருந்த ஃபிட்ச்பர்க்குக்கு ரயில் கட்டணம் 90 சென்ட், கிட்டத்தட்ட ஒரு நாள் கூலி. நான் இப்போதே நடக்கத் தொடங்கினால் இருட்டுவதற்குள் போய்விடுவேன், நீ முதலில் கூலி வேலை செய்து டிக்கெட் காசு சேர்த்துப் பிறகு ரயிலேறு, யார் முந்துகிறோம் பார்ப்போம் என்கிறார். நாம் பொருளுக்குக் காசு கொடுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் கொடுப்பது அந்தக் காசுக்காகப் போன நாட்களை என்பது அவர் வாதம். ஃபைனான்ஸில் பைக் எடுத்து, தவணை கட்ட ஓவர்டைம் பார்க்கிற சீனியர்களை நமக்குத் தெரியும். பைக் எதுக்குண்ணே என்று கேட்டால், ஓவர்டைமுக்குப் போகத்தான் என்பார்கள்.

ஆனாலும் இதை அப்படியே விழுங்க என்னால் முடியவில்லை. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, நிலம் நண்பருடையது, ஒன்றரை மைல் நடந்தால் அம்மா வீடு, அங்கே சாப்பாடும் உண்டு. அக்கா கல்யாணக் கடனும் அப்பாவின் ரிட்டையர்மென்ட்டும் தலைமேல் இருக்கிற வீட்டுப் பிள்ளையிடம் போய் வேலையைக் குறை, வாழ்க்கையைப் பார் என்றால் அடிக்க வருவான். தோரோவின் விடையை விடுங்கள். கணக்குப் போடும் முறையைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அந்த முறை எப்படிப்பட்டது என்பதற்கு வால்டன் குளம்தான் அத்தாட்சி. அதற்கு அடியே கிடையாது என்று ஊரில் பேச்சு. 1846-இல் குளம் உறைந்து கிடந்தபோது தோரோ காம்பஸ், செயின், சவுண்டிங் கயிறு எல்லாம் எடுத்துக்கொண்டு பனிக்கட்டி மேல் இறங்கினார். கயிற்று முனையில் சுமார் ஒன்றரைப் பவுண்டுக் கல். கல் தரையை விட்டுக் கிளம்பும் கணத்தில் கை கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும், அடியில் தண்ணீர் புகுந்ததும் லேசாகிவிடும். அதைக் கையிலேயே உணர்ந்து அளந்தார். நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் பார்த்ததில் அதிகபட்ச ஆழம் 102 அடி. பிற்கால அளவைகளும் ஏறக்குறைய அதையே சொல்கின்றன. நீளக்கோடும் அகலக்கோடும் வெட்டும் இடத்திலேயே ஆழம் அதிகம் என்றும் பிளானில் கண்டார். அடுத்த குளிர்காலத்தில் அதே குளத்தில் பனிக்கட்டி வெட்டி அடுக்கினார்கள். இது சென்னைவாசிகள் தாகம் வரை போகும் என்று அவர் எழுதினார். அந்த வட்டாரப் பனிக்கட்டி அப்போது கப்பலில் சென்னைக்கு வந்தது நிஜம். அதை வைக்க 1842-இல் கட்டியதுதான் மெரினா எதிரே உள்ள ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம்.

1846 ஜூலையில், செருப்புத் தைக்கக் கொடுத்ததை வாங்கப் போன இடத்தில் கைதானார். தலைவரி கட்டவில்லை. அடிமை முறையைக் காக்கிற, மெக்சிகோ மீது போர் நடத்துகிற அரசுக்குக் காசு தரமாட்டேன் என்பது காரணம். ஒரு ராத்திரி ஜெயில். யாரோ வரியைக் கட்ட, மறுநாள் விடுதலை. அதைப் பற்றிய கட்டுரை 1849-இல் அச்சானது. அதன் பகுதிகளைக் காந்திஜி 1907-இல் தென்னாப்பிரிக்காவில் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் வெளியிட்டார். சத்தியாகிரகமே தோரோவிடம் இரவல் வாங்கியது என்று சிலர் மேடையில் முழங்குவார்கள். கட்டுரை கைக்கு வருமுன்பே போராட்டம் நடந்துகொண்டிருந்தது என்று காந்திஜியே 1935-இல் மறுத்திருக்கிறார். அங்கும் ஒரு தலைவரி இருந்தது. ஒப்பந்தம் முடிந்த கூலிகள் ஆண்டுக்கு 3 பவுன் கட்ட வேண்டும். அவர்களில் நம்மவர் ஏராளம். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, நோயோடு திரும்பி, 1914 பிப்ரவரியில் 16 வயதில் உயிர்விட்டவள் தில்லையாடி வள்ளியம்மை. தோரோவின் ஒரு ராத்திரியை அவள் பக்கத்தில் வைத்தால் சின்னதாகத்தான் தெரிகிறது.

எனக்கு இந்த மனிதரிடம் மிகவும் உறுத்துகிற பகுதி வேறு. பிற்காலத்தில் அவர் செய்த சர்வேக்கள் நூற்றைம்பதுக்கும் மேல். பலவும் காட்டைத் துண்டு போட்டு விற்கவும் வெட்டவும் அளந்தவை. தான் நேசித்த வால்டன் காட்டையே அளந்தார். அளந்து முடித்தபின், காட்டுக்குள் நடந்தால் மரம் தெரியவில்லை, இது இன்னாருடைய பிளாட், அது இன்னாருடையது என்றே தெரிகிறது என்று 1858 ஜனவரியில் டைரியில் புலம்பினார். அவருக்குச் சோறு போட்ட தொழில் அது. விடவும் முடியவில்லை. ஏரியை லே-அவுட்டாக மாற்றும் பிளானில் டிராஃப்ட்ஸ்மேனாக உட்காரப் போகிறவர்கள் நம்மில் சிலர் நிச்சயம் இருக்கிறோம். அன்றைக்கு நாம் என்ன செய்வோம்? எனக்கும் பதில் தெரியவில்லை.

அவர் வரைந்த சர்வே பிளான்கள் இன்றும் கான்கார்டு பொது நூலகத்தில் இருக்கின்றன. நம் லைப்ரரியில் 'வால்டன்' ஒரு பிரதிகூட இல்லை. வரும் ஆண்டு யூனியன் நிதியில் ஒன்று வாங்கிப்போட நிர்வாகிகள் மனசு வைக்கணும். லைப்ரரியில் இடமில்லை என்றால் சர்வே லேபில், ரேஞ்சிங் ராடுகளுக்குப் பக்கத்தில் வைத்தாலும் சரிதான்.