மெஷினும் நிறம் பார்க்கும்!

நான் நல்ல கறுப்பு. பெண் வீட்டுக்காரர்கள் நாசூக்காக 'மாநிறம்' என்பார்கள். மெஷினும் நிறம் பார்க்கும் என்பது எனக்கு லேட்டாகத்தான் தெரிந்தது.

ஆபரேஷன் தியேட்டரில் விரலில் கிளிப் மாட்டுவார்களே, பல்ஸ் ஆக்ஸிமீட்டர்! தோல் வழியே ஒளி பாய்ச்சி, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவிகிதம் என்று சொல்லும். 1974-ல் ஜப்பானின் டகுவோ அயோயாகி தந்த வரம்.

2020-ல் மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கிளிப் காட்டியதை ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டிருந்தார்கள். கிளிப் 92 முதல் 96 வரை காட்டியும், நிஜத்தில் 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையர் டெஸ்ட்டுகளில் 3.6 சதவிகிதம், கறுப்பினத்தவர் டெஸ்ட்டுகளில் 11.7!

கல்யாணத்தில் நிறம் பார்த்தால் சம்பந்தம்தான் போகும். இதில் உயிரே போகும். இனி யாராவது '95 காட்டுது, நார்மல்' என்றால், "மூச்சு முட்டுது டாக்டர், ரத்தத்தையும் பாத்துடுங்க" என்று கெஞ்சுவதாக இருக்கிறேன்.