எத்தனை மடங்கு என்று கேட்காதீர்கள்

பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் தந்தையுடன் ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு என் வீட்டுக்கு வந்தார். "சார், இதில் வியாழன் வெறும் புகைமாதிரித் தெரிகிறது. எனக்குப் பார்க்கத் தெரியவில்லையா?" என்று கேட்டார். பெட்டியின்மேல் '525 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. தந்தையின் தீபாவளி போனஸில் பாதி அதற்குப் போயிருந்தது.

குறை மாணவரிடம் இல்லை. அந்த 525 எப்படி வந்தது? பொருளருகு லென்ஸின் குவியத் தொலைவு 700 மி.மீ. அதைக் கண்ணருகு லென்ஸின் குவியத் தொலைவான 4 மி.மீ.ஆல் வகுத்தால் 175. இடையில் இன்னொரு லென்ஸைச் செருகி மும்மடங்காக்கினால் 525. கணக்கு சரிதான். ஆனால் பிம்பத்துக்கு ஒளியும் நுட்பமும் தருவது பொருளருகு லென்ஸின் விட்டம் அல்லவா? அது வெறும் 60 மி.மீ. ஒரு மில்லிமீட்டர் விட்டத்துக்கு இரண்டு மடங்கு என்பதே பொதுவான வரம்பு. அதன்படி 120 மடங்குக்கு மேல் போனால் மங்கல்தான் பெரிதாகும்.

பெட்டியிலேயே இருந்த 25 மி.மீ. கண்ணருகு லென்ஸை மாட்டிக் கொடுத்தேன். 28 மடங்கில் வியாழன் சிறு வட்டாகவும், 1610இல் கலிலியோ கண்ட நான்கு நிலவுகள் புள்ளிகளாகவும் தெளிவாகத் தெரிந்தன. மாணவரின் முகம் மலர்ந்தது.

ஆகவே, மாணவ நண்பர்களே, கடையில் முதலில் விட்டத்தைக் கேளுங்கள். விட்டம் இரு மடங்கானால் சேரும் ஒளி நான்கு மடங்காகும்.

அடுத்து, லென்ஸா, ஆடியா? லென்ஸ் வகை உறுதியானது. அடிக்கடி சீர்செய்ய வேண்டாம். ஆனால் லென்ஸ் வெவ்வேறு நிறங்களை வெவ்வேறு இடங்களில் குவிக்கும். இந்த நிறப்பிறழ்ச்சியைக் குறைக்க இருவகைக் கண்ணாடிகளில் நான்கு பரப்புகளைத் தீட்டவேண்டும். குழியாடியிலோ தீட்டவேண்டியது ஒரே பரப்பு. அதில் நிறங்கள் பிரிவதுமில்லை. அதனால்தான் நியூட்டன் 1668இல் ஆடியை நாடினார். காவலூரில் 1986இல் நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியும் ஆடி வகையே.

ஒரே விலைக்கு 60 மி.மீ. லென்ஸும் 114 மி.மீ. ஆடியும் கிடைக்குமானால் ஆடியையே வாங்குங்கள் என்பது என் கருத்து. ஒளி வாங்கும் பரப்பு ஏறத்தாழ மூன்றரை மடங்கு. ஆடியின் அலுமினியப் பூச்சு நாளடைவில் மங்கும். ஆடிகளை அவ்வப்போது நேர்ப்படுத்தவும் வேண்டும். உண்மைதான். ஆனால் அந்தத் திருகுகளைத் திருப்பும்போது நீங்கள் கற்கும் ஒளியியல் எந்தப் பாடநூலுக்கும் குறைந்ததன்று.

ஆடுகிற முக்காலியில் எந்தத் தொலைநோக்கியும் பயன்படாது. அமெரிக்காவின் ஜான் டாப்சன் பரப்பிய எளிய மரப்பெட்டித் தாங்கியை நம் ஊர்த் தச்சரே செய்துவிடுவார்.

ஓர் எச்சரிக்கை. எந்தத் தொலைநோக்கியாலும் சூரியனை நேரே பார்க்காதீர்கள். கண்ணருகு லென்ஸில் திருகும் கறுப்புக் கண்ணாடியை நம்பாதீர்கள். வெப்பத்தில் அது வெடித்தால் பார்வை போய்விடும்.

தனியே வாங்க இயலாதவர்கள் வருந்தவேண்டாம். பத்து மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கு ஒன்று வாங்குங்கள். அலமாரியில் பூட்டிவைத்த பெரிய கருவியைவிட, மொட்டைமாடியில் பத்துப் பேர் மாறிமாறிப் பார்க்கும் சிறிய கருவியே மேல்.