மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை பிறந்ததும் பாலக்காட்டு எல்லைக் கிராமங்களிலும், இடுக்கியின் மூணாறு, மறையூர், குமுளி வட்டாரங்களிலும் சபரிமலைக்கு மாலை அணிந்த இளைஞர்களைக் காண்கிறோம். எந்த அறிவுரைக்கும் செவிசாய்க்காத பதினாறு வயதுச் சிறுவனும் அந்த 41 நாட்கள் பீடியைத் தொடுவதில்லை. மாலையைக் கழற்றிய மறுநாளே பழைய பழக்கத்துக்குத் திரும்புவோரும் உளர். இவ்விரண்டும் நம் சிந்தனைக்குரியன.

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972–73இல் பிறந்த ஏறத்தாழ 1,000 குழந்தைகளை 32 வயது வரை தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியின் முடிவுகள் 2011இல் வெளியாயின. சிறு வயதில் தன்கட்டுப்பாடு குறைந்திருந்தோரே 15 வயதுக்குள் புகைபிடிக்கத் தொடங்குவதிலும், படிப்பை இடையில் விடுவதிலும் மிகுந்திருந்தனர். சமய ஈடுபாடு இக்கட்டுப்பாட்டை வளர்க்கக்கூடும் என்று 2009இல் மக்கல்லோ, வில்லபி என்னும் உளவியல் அறிஞர்கள் கருத்துரைத்தனர். எனினும், இயல்பிலேயே அடக்கமுள்ள பிள்ளைகள் வழிபாட்டை நாடுவதும் உண்டாதலின், காரணம் எது, விளைவு எது என்று அறுதியிடுதல் எளிதன்று.

விரதத்தின் வலிமை பக்தியில் மட்டுமன்றி அதன் அமைப்பிலும் உள்ளது என்பது என் கருத்து. அதற்கு நாள் வரையறை உண்டு. குருசாமியின் கண்காணிப்பு உண்டு. உடன் நோற்போரின் துணை உண்டு. அன்றாட ஒழுங்கும் உண்டு. ரமலான் நோன்பிலும் கிறித்தவரின் தவக்காலத்திலும் இவற்றை ஒத்தவற்றைக் காணலாம். மாலையைக் கழற்றும்போது இத்துணைகள் யாவும் ஒருங்கே விலகிவிடுகின்றன.

சூழ்நிலையையும் மறத்தலாகாது. அட்டப்பாடியில் 1996 முதல் மதுவிலக்கு நடைமுறையில் உள்ளது. ஆயினும் எல்லைக்கு அப்பால் ஆனைகட்டியில் இருந்த மதுக்கடையை எதிர்த்து 2016இல் பழங்குடிப் பெண்கள் போராட நேர்ந்தது. முதியோரையே வீழ்த்தும் தூண்டுதலைச் சிறுவனின் மனவுறுதி ஒன்றே வெல்லும் என எதிர்பார்த்தல் நியாயமாகாது. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதனைச் செயற்படுத்துவதும் நம் பணியின் பகுதியே.

எனவே, மாலை கழற்றுமுன்னரே ஆசிரியர் மாணவனை அழைத்துப் பேசுதல் நன்று. அடுத்த 41 நாட்களுக்கு ஒரு சிறு குறிக்கோள், ஒரு மூத்தவர், இரண்டு தோழர் என ஏற்பாடு செய்யலாம். மாலை அணியாத மாணவ மாணவியருக்குப் பந்தாட்டக் குழுவோ வாசகசாலையோ அதே துணையை அளிக்கும். எவருடைய நம்பிக்கையையும் நாம் அளவிட வேண்டுவதில்லை. தவறியவனை, “சாமி மாலை போட்டவனா நீ?” என்று பலர்முன் இகழ்தல் அறவே கூடாது. நாற்பத்தொரு நாள் தன்னைக் காத்துக்கொண்டவனிடம் ஆற்றல் உண்டு என்பது தெளிவாகிவிட்டது. நாற்பத்திரண்டாம் நாள் அவனுக்குத் துணை நிற்பதே நம் கடமை.