மெட்டா பகுப்பாய்வு என்னும் மந்திரச் சொல்

"மெட்டா பகுப்பாய்வொன்றில் தெரியவந்துள்ளது" என்ற தொடர் நமது பத்திரிகைகளின் சுகாதாரப் பக்கங்களில் அண்மைக்காலமாக அடிக்கடி தலைகாட்டி வருகின்றது. கோப்பி குடிப்பது நல்லதா என்பது தொடக்கம் பிள்ளைகள் கைத்தொலைபேசி பார்த்தால் என்ன நேரும் என்பது வரை, விவகாரம் எதுவாயினும் இந்த ஒரு சொல்லை முன்னால் நிறுத்திவிட்டால் போதும். அதற்குப் பின்னர் எவரும் வாய் திறக்கலாகாது என்பதே அதன் உட்கிடை. கேள்வி கேட்பதற்கென்றே ஏற்பட்ட தொழில் பத்திரிகைத் தொழில். அந்தத் தொழிலில் இருப்போர் கேள்வியை அடக்கும் சொல்லொன்றைச் சுமந்து திரிவது எனக்குச் சற்றும் உவப்பானதன்று.

கலைப்பட்டதாரிக்குப் புள்ளிவிபரவியலில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நான் பேச வந்தது கணிதத்தைப் பற்றியன்று, சொல்லைப் பற்றி. ஒரு சொல் எதைக் குறிக்கின்றது, எதைக் குறிக்கவில்லை என்று பார்த்து எழுதுவது எந்தப் பத்திரிகையாளனுக்கும் அடிப்படைக் கடமையாகும்.

இச்சொல்லை ஆக்கியவர் ஜீன் கிளாஸ் என்ற அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர். 1976இல் அமெரிக்கக் கல்வி ஆராய்ச்சிச் சங்கத்தின் தலைவர் என்ற வகையில் ஆற்றிய உரையில் அவர் இதனை முன்வைத்தார். ஒரே கேள்வியைப் பற்றித் தனித்தனியே செய்யப்பட்ட பல ஆய்வுகளின் எண் முடிவுகளைத் திரட்டி, புள்ளிவிபர முறைப்படி ஒன்றாகக் கணித்து, ஒட்டுமொத்த விளைவு எவ்வளவு என்று காண்பதே அவர் கருதியது. அடுத்த ஆண்டே அவரும் மேரி லீ சிமித்தும் உளச் சிகிச்சை பற்றிய 375 ஆய்வுகளை இவ்வாறு தொகுத்து முடிவை வெளியிட்டனர். உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க் அதனைக் கடுமையாக எள்ளி நகையாடினார். ஆக, பிறந்த நாளிலிருந்தே வாதப் பிரதிவாதங்களுக்கு உட்பட்டு வந்த முறை இது. நமது பக்கங்களில் மட்டுந்தான் அது வேதவாக்காகிவிட்டது.

இம்முறையின் பெறுமதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. குறைமாதத்தில் பிரசவமாகக்கூடிய தாய்மாருக்கு ஸ்டீரொயிட் மருந்து ஏற்றினால் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு அதிகரிக்கும் என்று நியூசிலாந்தில் செய்யப்பட்ட பரிசோதனையின் முடிவு 1972இல் வெளியாயிற்று. பின்னர் மேலும் பல பரிசோதனைகள் நடந்தன. தனித்தனியே பார்த்தபோது சில தெளிவற்றிருந்தன. அவையனைத்தையும் முறைப்படி தொகுத்த மீளாய்வு வெளிவர 1989 வரை செல்ல வேண்டியிருந்தது. அதற்கிடையில் பிழைத்திருக்கக்கூடிய எத்தனையோ சிசுக்கள் மாண்டன. 1993இல் தொடங்கப்பெற்ற கொக்ரேன் அமைப்பு அந்தப் பரிசோதனைகளுள் ஏழின் முடிவுகளையே தனது இலச்சினையில் கோடுகளாக வரைந்து வைத்திருக்கின்றது. இத்தகைய உழைப்பினால் ஈட்டப்பட்ட மதிப்பைத்தான் நாம் கண்டபடி செலவழிக்கின்றோம்.

எவ்வாறு செலவழிக்கின்றோம்? நான்கைந்து கட்டுரைகளை வாசித்துவிட்டுத் தமது அபிப்பிராயத்தை எழுதுவோர் அதற்கு மெட்டா பகுப்பாய்வு என்று பெயரிடுகின்றனர். அது வெறும் விமர்சனக் கட்டுரை. ஏராளமானோர் பங்குபற்றிய தனியொரு ஆய்வையும் இப்பெயரால் அழைக்கின்றனர். அது பேராய்வு, அவ்வளவுதான். நிபுணர் குழுவொன்று கூடிச் சான்றுகளைப் பரிசீலித்துத் தெரிவித்த தீர்மானத்துக்கும் இதே பெயரைச் சூட்டுகின்றனர். போதாக்குறைக்குத் தமிழில் இதனை "மேனிலைப் பகுப்பாய்வு" என்று எழுதுவோரும் உளர். மேனிலை என்றதும் ஏனையவை கீழ்நிலை என்றே வாசகர் கொள்வார். ஆய்வு முடிவுகளின் புள்ளிவிபரத் தொகுப்பு என்று விளக்கமாக எழுதினால் எவருக்கும் மயக்கம் நேராது.

மூன்றாவது வகைப் பிழைக்கு நல்ல உதாரணம் 2015 ஒக்டோபரில் கிடைத்தது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம், பதப்படுத்தப்பட்ட இறைச்சி மனிதரில் புற்றுநோயை ஏற்படுத்தும் என அறிவித்தது. 22 நிபுணர்கள் 800க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்திருந்தனர். நாளொன்றுக்கு 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான ஆபத்து 18 வீதத்தால் அதிகரிக்கும் என்ற எண்ணும் வெளியானது. 800 ஆய்வுகளைக் கூட்டிக் கணித்ததில் 18 வீதம் வந்தது என்ற கருத்துப்பட எழுதப்பட்டதை நான் வாசித்திருக்கின்றேன். உண்மை அதுவன்று. 18 வீதம் என்பது 10 ஆய்வுகளைத் தொகுத்த மெட்டா பகுப்பாய்வொன்றின் முடிவு. 800 என்பது நிபுணர் குழுவின் மேசையில் இருந்தவற்றின் தொகை. மேலும், பிரித்தானியாவில் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாவோர் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேர். தினமும் அவ்வளவு இறைச்சி உண்டால் அது 7 பேராகும். இந்த ஒருவரைச் சொல்லாமல் 18 வீதத்தை மட்டும் தலைப்பில் போட்டுப் பயமுறுத்துவது செய்தியாகுமா?

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்குக் கிணற்றை வைத்துச் சொன்னால் விளங்கும். பத்துக் கிணறுகளில் ஒவ்வொரு வாளி அள்ளி ஒரு தொட்டியில் ஊற்றி, நாவில் வைத்துப் பார்த்து, "இவ்வூர்த் தண்ணீர் இலேசான உவர்" என்று ஒருவர் அறிவித்தால் நாம் ஏற்போமா? எந்தக் கிணறு நன்னீர், எந்தக் கிணறு உவர் என்றல்லவா கேட்போம். அள்ளாமல் விட்ட கிணறுகள் எவை என்றும் கேட்போம். நமது ஊர் மக்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை மருந்தைப் பற்றிக் கேட்க இயலாதவர்கள் என்று பத்திரிகைகள் ஏன் எண்ண வேண்டும்?

அள்ளாமல் விட்ட கிணறு வெறும் உவமையன்று. மனச்சோர்வுக்கான 12 மருந்துகள் தொடர்பில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் பதிவான 74 பரிசோதனைகளை எரிக் டேர்னர் குழுவினர் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டனர். அந்நிர்வாகம் சாதகமானவை எனக் கணித்தவை 38. அவற்றில் 37 சஞ்சிகைகளில் பிரசுரமாகியிருந்தன. ஏனைய 36 இல் 22 வெளிவரவே இல்லை. 11 சாதகமான முடிவு போலத் தோன்றும் வகையில் வெளிவந்திருந்தன. உள்ளபடி வெளிவந்தவை மூன்றே மூன்று. சஞ்சிகைகளை மட்டும் நம்பித் தொகுப்பவர் எவ்வளவு நேர்மையாளராயினும் பொய்யான கூட்டுத்தொகையே பெறுவார். மேசை லாச்சிக்குள் பூட்டப்பட்டவற்றை எந்தச் சூத்திரத்தாலும் முழுமையாக மீட்க முடியாது.

கெட்ட கிணற்றின் கதை கொவிட் காலத்தில் நிகழ்ந்தது. ஐவர்மெக்டின் மருந்து மரணங்களைப் பெருமளவு குறைக்கின்றது என்று சில மெட்டா பகுப்பாய்வுகள் 2021இல் காட்டின. அவற்றுக்கு முக்கிய பலமாக இருந்தவற்றுள் எகிப்திலிருந்து வந்த ஆய்வொன்றும் அடங்கும். ஒரே நோயாளியின் விபரங்கள் திரும்பத் திரும்ப வந்திருப்பதையும், ஆய்வு தொடங்கும் முன்னரே இறந்தோர் அதில் கணக்கிடப்பட்டிருப்பதையும் இலண்டனில் ஒரு மருத்துவ மாணவரும் வேறு சிலரும் வெளிக்கொணர்ந்தனர். அவ்வாண்டு ஜூலையில் அந்த ஆய்வு விலக்கிக்கொள்ளப்பட்டது. அதை நம்பியிருந்த முக்கிய தொகுப்பொன்றும் மீளப்பெறப்பட்டது. ஐயத்துக்குரியவற்றை நீக்கிக் கணித்தபோது உயிர்காக்கும் பலன் உறுதிப்படவில்லை. இதற்கிடையில் அமெரிக்காவில் கால்நடைகளுக்கான ஐவர்மெக்டினை மனிதர் உட்கொள்ள வேண்டாமென அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. தொகுப்பு என்ற பெயர் கெட்ட ஆய்வை நல்ல ஆய்வாக்குவதில்லை. நல்லவற்றின் நடுவே அதனை ஒளித்து வைக்கவே செய்கின்றது.

வாசகருக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை, சொற்கள் காலப்போக்கில் பொருள் மாறுவது இயல்பே என்று சிலர் வாதிடுவர். பேச்சுவழக்கில் மாறட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் நீரிழிவுக்காரர் ஒருவர் பத்திரிகையை நம்பி மாத்திரையை நிறுத்துகின்றார் என்றால், அங்கே பொருள் மாறிய சொல்லுக்கு விலை கொடுப்பவர் அவரே. வெளிநாட்டுச் செய்தி முகவர் நிலையத்திலிருந்து வந்ததை அப்படியே மொழிபெயர்த்தோம் என்ற சமாதானமும் எடுபடாது. மொழிபெயர்ப்பாளனுக்கும் பொறுப்பு உண்டு.

இனிமேல் இச்சொல்லைப் பிரசுரிக்கும் எந்த ஆசிரியபீடமும் நான்கு விடயங்களைச் செய்தியிலேயே சொல்ல வேண்டுமென்று கேட்கின்றேன். தொகுக்கப்பட்ட ஆய்வுகள் எத்தனை? எவை, எக்காரணத்தால் விலக்கப்பட்டன? அவை தமக்குள் ஒத்துப்போகின்றனவா, முரண்படுகின்றனவா? சொல்லப்படும் வீதம், நூறு பேரில் எத்தனை பேர்? நான்கு வரிகளுக்கு மேல் இடம் தேவைப்படாது. அந்த நான்கு வரிகளை எழுத முடியாதவர்கள் "ஓர் ஆய்வு கூறுகின்றது" என்று எழுதிவிட்டுப் போகட்டும். குறைந்தபட்சம் அதை வாசிப்பவருக்கு ஐயுறும் உரிமையாவது மிஞ்சும்.