பட்டம் பெரிதா? படிப்புப் பெரிதா?

அமெரிக்க தேசத்தில் ஹைஸ்கூல் பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் வருஷந்தோறும் ஆட்டி வைக்கின்ற கேள்வி ஒன்று உண்டு. அதாவது, அடுத்த வருஷம் “அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்” வகுப்பில் சேருவதா, “ஆனர்ஸ்” வகுப்பில் சேருவதா என்பதேயாகும். அங்கு குடியேறியுள்ள நம் தமிழ் மக்கள் வீடுகளிலும் இதே பேச்சுத்தான். ஆதலால் இவ்விஷயத்தைச் சற்று யோசித்துப் பார்ப்போம்.

அட்வான்ஸ்டு என்பது காலேஜ் ஆரம்பப் படிப்பை ஹைஸ்கூலிலேயே நடத்துவதாகும். 1955-ம் வருஷம் முதல் காலேஜ் போர்டு என்னும் ஸ்தாபனம் இதை நடத்தி வருகிறது. மே மாதத்தில் தேசம் முழுமைக்கும் ஒரே பரீக்ஷை. 1 முதல் 5 வரை மார்க்கு. 3-ம் அதற்கு மேலும் வாங்கினால், அந்தப் பாடத்தைப் படித்து முடித்ததாகப் பல காலேஜுகள் ஒப்புக்கொள்ளும். 4, 5 கேட்கிற காலேஜுகளும் உண்டு. ஆனர்ஸ் என்பதோ, சாதாரண வகுப்பைவிடச் சற்றுக் கடினமாக அந்தந்தப் பள்ளிக்கூடமே வகுத்துக்கொள்ளும் பாடம். அதற்குப் பொதுப் பரீக்ஷை கிடையாது. முக்கிய வித்தியாசம் இவ்வளவுதான்.

ஆனால் இதன்மேல் எவ்வளவு மூடநம்பிக்கை கட்டப்பட்டிருக்கிறது! சராசரி மார்க்குக் கணக்கில் பல பள்ளிக்கூடங்கள் அட்வான்ஸ்டுக்கு ஒன்றும், ஆனர்ஸுக்கு அரையும் கூட்டிக் கொடுக்கின்றன. உடனே பெற்றோர்கள், “என் பையன் ஆறு எடுத்தான், உன் பையன் எத்தனை?” என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பையனுக்குச் சரித்திரத்தில் பிரியமா, ரசாயனத்தில் பிரியமா என்று கேட்பாரில்லை. பரீக்ஷை ஒன்றுக்குச் சுமார் 100 டாலரும் கொடுத்து, பிள்ளையின் தூக்கத்தையும் கொடுத்து வாங்குகிற இந்தப் பட்டத்தை எல்லாக் காலேஜுகளும் மதிக்கின்றனவா? டார்ட்மத் காலேஜ், இந்தப் பரீக்ஷை மார்க்குக்காக இனிப் பாடக் கழிவு கொடுப்பதில்லை என்று 2013-ல் சொல்லிவிட்டது. வாஷிங்டன் பக்கத்திலுள்ள எட்டுத் தனியார் பள்ளிக்கூடங்கள், 2022-க்குள் அட்வான்ஸ்டை அடியோடு விட்டுவிடுவதாக 2018-ல் அறிவித்தன.

“அப்படியானால் அட்வான்ஸ்டு வேண்டாமென்கிறீரா?” என்று சிலர் கேட்கலாம். இல்லவே இல்லை. மேற்படி பள்ளிக்கூடங்களுக்குப் பெயரும் செல்வாக்கும் உண்டு; அவற்றுக்கு வேறு சாட்சி தேவையில்லை. பெயரில்லாத பள்ளிக்கூடத்து ஏழைப் பிள்ளைக்கோ பொதுப் பரீக்ஷை மார்க்குத்தான் சாட்சி. அந்தச் சாட்சியையும் நம்ப மறுத்த கதை ஒன்றுண்டு.

1982-ல் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் கார்பீல்டு ஹைஸ்கூலில் ஹைமே எஸ்கலான்டே என்ற உபாத்தியாயரிடம் படித்த 18 பிள்ளைகள் அட்வான்ஸ்டு கால்குலஸ் கணிதப் பரீக்ஷையில் தேறினார்கள். பெரும்பாலும் மெக்சிகோ வம்சத்து ஏழைப் பிள்ளைகள். உடனே 14 பேர்மீது சந்தேகம் கிளப்பப்பட்டது. விடைகளில் ஒரே மாதிரித் தப்பு இருக்கிறதாம்! 12 பேர் மறுபடியும் எழுதினார்கள். 12 பேரும் தேறினார்கள். பணக்காரப் பேட்டைப் பிள்ளைகளாயிருந்தால் இவ்வளவு சுலபமாகச் சந்தேகம் பிறந்திருக்குமா என்று கேட்கின்றோம்.

ஆகவே ஏமாற்று இரண்டு விதம். வசதியுள்ளவனிடம், “அட்வான்ஸ்டு இல்லாவிட்டால் கதியில்லை” என்பது ஒன்று. ஏழையிடம், “உன் பிள்ளைக்கு ஆனர்ஸே அதிகம்” என்பது மற்றொன்று. இரண்டுக்கும் மருந்து, காரணம் கேட்பதுதான். இதற்கு முந்திய பாடம் பிள்ளைக்கு நன்றாய் விளங்கியிருக்கிறதா? அந்தப் பாடத்தில் ஆசையுண்டா? படிக்க நேரமுண்டா? சேர நினைக்கும் காலேஜ் அந்த மார்க்கை ஒப்புக்கொள்ளுமா? ஆம் என்றால் எவன் தடுத்தாலும் அட்வான்ஸ்டில் சேருங்கள். இல்லையென்றால் எவன் சிரித்தாலும் ஆனர்ஸில் சேர்ந்து ஒழுங்காய்ப் படியுங்கள். பள்ளிக்கூடத்தில் நடக்கிற வகுப்புகள் எவை, அவற்றில் பிள்ளை எதை எடுத்தான் என்றுதான் காலேஜுகள் பார்க்கின்றனவேயொழிய, அங்கே இல்லாத வகுப்பை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பதில்லை.

வகுப்பின் பெயர் பிள்ளைக்கு அறிவு கொடுக்காது. ஆனால் வகுப்பின் கதவை அடைப்பவன் அறிவைத் தடுக்க முடியும். பெயருக்கு மயங்காதீர்கள், அடைத்த கதவைத் தட்டாமலும் திரும்பாதீர்கள்.