பொம்மைக்கும் ஓரவஞ்சனை

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரன், உடுவில் வீட்டு விறாந்தையில் இருந்து ‘லெகோ இந்தியானா ஜோன்ஸ்’ விளையாடினான். 2008இல் வந்த கணினி விளையாட்டு அது. முதல் மூன்று திரைப்படங்களின் கதையையும் கட்டைப் பொம்மைகள் பேச்சின்றி நடித்துக் காட்டுகின்றன. அடிபட்டால் சிதறும், மறுகணம் எழுந்து நிற்கும். நானும் சிரித்தேன், மறைப்பானேன்?

ஆயினும் ஒன்று உறுத்தியது. திரைப்படத்தின் நாசிகள் இங்கே நாசிகள் அல்லர். பெயரும் சின்னமும் களையப்பட்டு, வெறும் எதிரிப் படையினராய் வருகின்றனர். நல்லதே. ஆனால் இரண்டாம் படத்தில் காளியின் பெயரால் நரபலியிடும் தக்கர் கூட்டம் மட்டும் பெயர் மாறாமல் நிற்கிறதே, ஏன்?

1984இல் வெளியான அப்படத்தின் கதையை இந்திய அரசு ஆட்சேபித்தது. படக்குழு எங்கள் தீவின் கண்டிக்கு வந்து படமாக்கியது. ‘இந்திய’க் கிராமத்தவர் திரையில் பேசியது சிங்களம்! அவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். பின்னர் இந்தியாவில் படத்துக்குச் சிலகாலம் தடையும் இருந்தது. ஆகவே எங்கள் மனவருத்தம் அறியாத செய்தியன்று.

“வெறும் விளையாட்டுத்தானே” என்பீர்கள். வெறும் விளையாட்டெனில் நாசிச் சின்னத்தை நீக்குவானேன்? நகைச்சுவைக்கு எல்லை உண்டென அறிந்தவர்களே, அந்த எல்லையை ஐரோப்பாவோடு முடித்துக்கொண்டார்கள்.

படத்தையும் பார்த்திருந்த பேரன் கேட்டான்: “அம்மப்பா, அவையள் கும்பிடுறது எங்கட காளியையா?”

அன்று மாலை அவனை அம்மன் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன்.